விழ விடாத பொட்டல்

காரைக்குடி
4 மே 2025

சேவுகா,

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன். பெங்களூரில் வேலை என்று சொல்லி என்னிடமே பெட்டி அடுக்க வைத்துவிட்டு லடாக்குக்கு விமானம் ஏறியவனுக்கு இது போதும். பெங்களூருக்குக் கம்பளிச் சட்டை எதற்குடா என்று கேட்டேன். "அங்க ஏசி ஜாஸ்திக்கா" என்றாய். அதையும் நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

நீ போய்ச் சேர்ந்த செய்தியை அங்கே உள்ள செவ்வாய்ச் சோதனை நிலையத்தின் பொறுப்பாளர் கார்த்திகேய சிவம்தான் தெரிவித்தார். கூடவே விதிமுறைகளும் வந்தன. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் செவ்வாய் கிரகத்தில் இருப்பதாகப் பாவனையாம். ஆகையால் போன் கிடையாது. கடிதம் மட்டும் கணினி வழியாக வரலாம், போகலாம். அதையும் ஒரு நாள் பிடித்து வைத்துத்தான் கொடுப்பார்களாம். போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் அவர் படிப்பார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கூப்பிட ஓர் எண் கொடுத்திருக்கிறார். சிவம் சார், வணக்கம். எங்கள் வீட்டுச் சண்டையைப் படிக்க வைப்பதற்கு மன்னியுங்கள்.

டெல்லிக் கூட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஓட்டுநர் இல்லாமல் தானே வழி பார்த்துப் போகும் வண்டி. நிலவுக்கும் செவ்வாய்க்கும் மனிதர்கள் போகும் காலத்தில் அவர்களைச் சுமந்துகொண்டு போக வேண்டிய வண்டி. அதன் உடம்பை நீ செய்தாய், மூளையை நான் செய்தேன். சிங்கம்புணரிப் பக்கம் நம் ஊர் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் மாதக்கணக்கில் ஓட்டினோம், ஒருமுறைகூட மாட்டவில்லை, கவிழவில்லை என்று நான் படம் போட்டுக் காட்டினேன். நிதிக்குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். சிவம் சார் மட்டும், "உங்களில் யாராவது இதில் உட்காருவீர்களா?" என்று கேட்டார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். நீ கையைத் தூக்கினாய்.

திரும்பி வரும்போது ரயிலில் அவ்வளவு சொன்னேன். ஆளில்லாமல் ஓட்டிக் காட்டுவோம், அதற்கு நிதி கொடுத்தால் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்றேன். "சரிக்கா, சரிக்கா" என்று தலையைத் தலையை ஆட்டினாயே, அது இதற்குத்தானா?

இரண்டாம் கட்ட நிதி வராவிட்டால் ஜூன் கடைசியில் ஆய்வகத்தைப் பூட்டி, சாவியைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? நாகவல்லி பள்ளத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, நாளெல்லாம் வெளியிடங்களில் எடுத்த படங்களில் கல்லுக்கும் குழிக்கும் அடையாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள். "நிதி வந்துரும்ல மேடம்?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்கிறாள். கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதற்காக உன்னை அடமானம் வைக்கச் சொன்னது யார்?

அம்மாவிடம் நீ பெங்களூரில் இருப்பதாகவே சொல்லியிருக்கிறேன். உன் பொய்யை நான் சுமக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதுடா. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

துர்கா


லடாக் நிலையம்
10 மே 2025

அன்புள்ள அக்கா,

நீ விட்டதையும் சேர்த்து நானே போட்டுவிட்டேன்.

திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். சிவம் சார் கடிதத்தைக் கொடுக்கும்போது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் சிரித்து இங்கே யாரும் பார்த்ததில்லையாம். உன் வணக்கத்துக்கு மட்டும், "பதில் வணக்கம் சொல்லிவிடுங்கள்" என்றார். சொல்லிவிட்டேன்.

இங்கே மூச்சு வாங்குகிறது. நாலு எட்டு வேகமாக வைத்தால் மாடிப்படி ஏறியது போல இளைக்கிறது. மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன். மண் நம் ஊர்ச் செம்மண் நிறம், ஆனால் ஒரு கருவேல மரம் கிடையாது, ஒரு ஆடு கிடையாது. நம் பொட்டலை யாரோ அப்படியே தூக்கி மலைமேல் வைத்த மாதிரி இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் மட்டும் தரை சட்டென்று முடிந்து பள்ளம் விழுகிறது. அதன் அடி இங்கிருந்து தெரியாது.

காலையில் தடிமனான உடையை மாட்டிக்கொண்டு நடைக்குப் போகிறோம். எங்கே என்ன கல் கிடக்கிறது என்று பார்த்துக் குறிப்பது வேலை. எனக்குப் பழக்கதோஷம், கூர்க்கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. எடுத்து ஓரமாகப் போட்டுவிடுகிறேன். நாளைக்கு நம் வண்டி, உன் பிள்ளை, ஓடி வரப்போகிற பாதை அல்லவா? கூட வருகிற பஞ்சாப்காரர், "நீ என்ன பொறியாளனா, தோட்டக்காரனா?" என்று கேலி பண்ணுகிறார்.

நான் ஏன் கை தூக்கினேன் என்று நீ ரயிலில் கேட்டாய். நான் மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். நீ பாட்டிலைத் திறந்தாயே, அப்போது குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார்கள். செய்தவளே தயங்குகிறாள் என்று அவர்கள் மனதில் பதிவதற்குள் யாராவது எதையாவது செய்ய வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது கை தூக்குவதுதான்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கோபப்படாமல் பதில் எழுது. நீ ஏன் தூக்கவில்லை?

அம்மாவிடம் பெங்களூரில் நல்ல சாப்பாடு என்று சொல். இங்கே பொட்டலத்தில் வருகிற உப்புமாவுக்குப் பெயர் மட்டும்தான் உப்புமா.

சேவுகன்


காரைக்குடி
16 மே 2025

அன்புள்ள தம்பி,

போட்டுவிட்டேன், திருப்தியா?

உன் கேள்வியை நாலைந்து நாளாக மனதில் வைத்துக்கொண்டே திரிகிறேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட வந்து நிற்கிறது. நான் ஏன் கை தூக்கவில்லை? உண்மையைச் சொன்னால், எனக்கே தெரியவில்லை. என் வண்டியை நான் நம்புகிறேன். எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் அந்த நேரத்தில் கை பாட்டிலுக்குத்தான் போனது.

செயற்கை நுண்ணறிவுக்கு நாம் கண்ணைக் கொடுக்கலாம், கணக்கைக் கொடுக்கலாம். பயத்தை மட்டும் அப்படிக் கொடுத்துவிட முடியாது, அது விழுந்து விழுந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். நீ சின்னப் பிள்ளையில் தண்ணீர் வழியும் கண்மாய்க் கலுங்கில் வழுக்கி விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டாய், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டாய். நம் வண்டி ஒருமுறைகூட விழவில்லை. டெல்லியில் அதைப் பெருமையாகச் சொன்னேன். இப்போது அதே வரியைப் படித்தால் கொஞ்சம் உறுத்துகிறது. அவ்வளவு கரடுமுரடான பொட்டல் என்றுதானே அதைத் தேர்ந்தெடுத்தோம், பிறகு எப்படி ஒருமுறைகூட விழவில்லை?

சரி, இது வேலை இல்லாதவளின் யோசனை. நன்றாகச் செய்திருக்கிறோம், அதனால் விழவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் ஊரில் வைகாசி மஞ்சுவிரட்டு. அம்மா வரச் சொல்லிவிட்டாள். கோட்டைச்சாமி மாமா உன்னை இரண்டு தரம் கேட்டாராம். "மாடு பிடிக்க வேணாம், வந்து நின்னா போதும்னு சொல்லுத்தா" என்றாராம். மாமாவுக்கு நீ இன்னும் அரைக்கால் சட்டைப் பையன்தான்.

கல்லைத் தூக்கிப் போட்டு முதுகைப் பிடித்துக்கொள்ளாதே.

துர்கா


லடாக் நிலையம்
21 மே 2025

அன்புள்ள அக்கா,

நேற்று முதல் தடவையாக வண்டியில் உட்கார்ந்தேன். சின்னச் சுற்றுதான். என் கையில் ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை. தோளிலும் இடுப்பிலும் பட்டை போட்டு இறுக்கிவிடுகிறார்கள், அதை வெளியே இருந்துதான் கழற்ற முடியும். எதிரே ஒரு விளக்கு. பாதை பத்திரம் என்றால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. சுற்று முழுக்கப் பச்சைதான். உன் பிள்ளை சமர்த்து.

ஓர் இடத்தில் மட்டும் முன் சக்கரம் புதைந்தது. வழவழவென்று இருந்த இடம், பார்த்தால் சிமெண்டுத் தரை மாதிரி. ஏறிய பிறகுதான் தெரிந்தது, மேலே மட்டும் லேசாக இறுகியிருக்கிறது, உள்ளே பொடிமண். நல்லவேளை, ஆழம் இல்லை. பஞ்சாப்காரர் பட்டையைக் கழற்றிவிட, நான் இறங்கி, பக்கத்தில் இருந்த சரளையை அள்ளிப் போட்டு நன்றாக மிதித்துக் கொடுத்தேன். மறுசுற்றில் அதே இடத்தில் ஜம்மென்று ஏறிப் போனது. கணக்கில் 'வெற்றி' என்று பதிவாகிவிட்டது. 'மனிதன் செய்யும் சின்ன உதவிதானே, அதற்கென்ன' என்றேன் நான். சிவம் சார் குறித்துக்கொண்டார்.

29ஆம் தேதி பெரிய ஓட்டம். பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே போய் வர வேண்டும். அதை முடித்துவிட்டால் குழு நிதியைக் கொடுத்துவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நாகவல்லியிடம் சொல்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பட்டையை இறுக்கும்போது அந்த 'கிளிக்' சத்தம் கேட்கிறதே, அப்போது மட்டும் கொஞ்சம் திக்கென்றது. அப்புறம் இது நீ செய்தது என்று நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

சேவுகன்


ஊரிலிருந்து
23 மே 2025

சேவுகா,

29ஆம் தேதி நீ உட்காராதே.

காய்ச்சல் என்று சொல். வயிற்றுவலி என்று சொல். மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் அந்த உயரத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள். உனக்குப் பதிலாக வேறு யாரையும் உட்கார விடாதே. வண்டியில் ஏதோ சத்தம் கேட்கிறது, சக்கரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல். சக்கரம் உன் பொறுப்புதானே, நீ சொன்னால் கேட்பார்கள்.

காரணம் கேட்காதே. இப்போது எழுத முடியவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

அக்கா சொன்னால் கேட்பாயல்லவா?

துர்கா


லடாக் நிலையம்
25 மே 2025

அக்கா,

உன் கடிதத்தைச் சிவம் சார் கையில் கொடுத்தார். படித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார். மேசையில் வைத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை எதிரே நின்றுவிட்டுப் போனார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பொய்க் காய்ச்சல் சொல்லச் சொல்லி எழுதுகிறாய், அவர் படிப்பார் என்று தெரிந்தே. அப்படியானால் உனக்குப் புத்தி தடுமாறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னவோ பெரிதாக நடந்திருக்க வேண்டும். எது என்று தெரியாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பொய் சொல்லமாட்டேன். உன்னிடம் ஒரு பொய் சொல்லி வந்ததே போதும். நீ காரணம் சொன்னால் இறங்குகிறேன். சொல்லாவிட்டால் உட்காருவேன். உன்னைப் பழிவாங்க இதை எழுதவில்லை. செய்தவளே பின்வாங்கிவிட்டாள் என்று இவர்கள் நினைத்தால், இனி எந்தக் குழுவும் உன் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காது. நாகவல்லியை நினைத்துப் பார். உன்னை நினைத்துப் பார்.

நிஜமாகவே பயமாக இருக்கிறது, அக்கா. எதற்குப் பயப்படுகிறேன் என்றாவது சொல்.

சேவுகன்


காரைக்குடி
26 மே 2025

அன்புள்ள தம்பிக்கும், இதைப் படிக்கும் கார்த்திகேய சிவம் அவர்களுக்கும்,

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். போன கடிதத்தில் ஒளித்து எழுதப் பார்த்தேன், அது கேவலமாக வந்து முடிந்தது.

மஞ்சுவிரட்டுக்கு முந்தின நாள் காலையில் பொட்டல் பக்கம் போனேன். அந்த வேலையெல்லாம் ஆம்பளைகள் பார்ப்பது, எனக்கு அங்கே ஒரு சோலியும் கிடையாது. வண்டி ஓடிய இடத்தை ஒரு தரம் பார்க்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். கோட்டைச்சாமி மாமாவும் இளவட்டங்களும் மண்வெட்டியும் கூடையுமாக நின்றார்கள்.

"என்ன மாமா, இந்நேரத்துக்கே வந்துட்டீக?" என்றேன்.

"மாடு வருதுல்லத்தா. ஒரு கல்லுல கால் இடறுனா மாட்டுக்கும் ஆகாது, பிடிக்கிறவனுக்கும் ஆகாது. வருசா வருசம் செய்றதுதானே" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் வண்டிக்கும் இதே வேலைதான் பார்த்தோம். நீங்க காரைக்குடியிலருந்து வந்து இறங்குறதுக்குள்ள முடிச்சுப்புடுவோம். கல்லைப் பொறுக்கி அங்குட்டுக் கண்மாய்க் கரையில கொட்டிருவோம். எலி வளை, குழி கிழி இருந்தா மண்ணைப் போட்டு, தண்ணி தெளிச்சு, நல்லா மிதிச்சு விட்டுருவோம். நம்ம வீட்டுப் பிள்ளை வண்டி, நாலு பேரு பார்க்கக் குப்புற விழுந்தா ஊருக்குத்தானே அசிங்கம்?"

"எம்புட்டு நாள் மாமா செஞ்சீக?"

"ஓடுன அன்னைக்கெல்லாம்த்தா."

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. கல்யாண வீட்டுக்கு முன்னால் முள்ளை வெட்டிப் போடுகிற மாதிரி செய்திருக்கிறார், அதை யார் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? நான் பதிலுக்குச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஊரில் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சிவம் சார், நாங்கள் காட்டிய முடிவுகள் எல்லாம் அந்தப் பொட்டலில் எடுத்தவை. அங்கே வண்டிக்கு எதிரே ஆபத்து என்று ஒன்று இருந்ததே இல்லை. இது பாதிதான். மீதியைத்தான் போன கடிதத்தில் எழுதக் கை வரவில்லை.

அன்றே காரைக்குடிக்குத் திரும்பி, மறுநாள் மஞ்சுவிரட்டுக்கு ஊருக்கு வருவதற்குள், நாகவல்லியும் நானும் பொட்டலில் எடுத்த பழைய படங்களை மறுபடி போட்டுப் பார்த்தோம். மூடி மிதித்த இடங்கள் எல்லாம் வழவழப்பாக, நிறம் கொஞ்சம் மாறித் தெரிகின்றன. இப்போது தெரிந்து பார்க்கும்போது பளிச்சென்று தெரிகின்றன, அப்போது தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் வண்டி அவற்றின் மேல் ஏறிப் பத்திரமாகக் கடந்திருக்கிறது. அதிலிருந்து அது படித்துக்கொண்ட பாடம், வழவழப்பான இடம் கெட்டியான இடம் என்பது. அப்படிப்பட்ட இடத்தைக் கண்டால் அது ஒதுங்காது, தேடிப் போகும். கணினியில் அதன் மாதிரியை ஓட்டிச் சோதித்தேன். வழவழப்பான திட்டு ஒன்று பள்ளத்தின் விளிம்பில் இருந்தாலும், கரடான நல்ல தரையை விட்டுவிட்டு அங்கேதான் போகிறது. எத்தனை முறை ஓட்டினாலும் அங்கேதான் போகிறது.

சேவுகா, நீ எழுதிய இரண்டு விஷயங்களை அன்று படித்துவிட்டுச் சிரித்தேன். நடைக்குப் போகும்போது கல்லைத் தூக்கிப் போடுகிறேன் என்றாய். சக்கரம் புதைந்த இடத்தில் சரளை போட்டு மிதித்தேன் என்றாய். மாமா செய்ததையே நீயும் செய்திருக்கிறாய். அந்தச் சுற்றையும் சேர்த்து அது படித்திருக்கும். பொடிமண்ணில் புதைந்தது தப்பு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, 'வெற்றி' என்று சொல்லியிருக்கிறோம்.

விழ விட்டிருந்தால் பயம் கற்றிருக்கும். யாரும் விழ விடவில்லை.

இதை எழுதினால் நிதி போகும் என்று எனக்குத் தெரியும். போன கடிதத்தில் அதற்காகத்தான் உன்னைக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். நிதியையும் காப்பாற்றி உன்னையும் இறக்கிவிடலாம் என்று பார்த்தேன். வேறு யாரோ ஒருவன் அடுத்த மாதம் அதில் உட்காருவான் என்பதைப் பற்றி அன்று நான் யோசிக்கக்கூட இல்லை. உன் கேள்விக்கும் இப்போது பதில் தெரிகிறது. டெல்லியில் நான் தயங்கியது சரியான காரணத்துக்குத்தான், அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சிவம் சார், தயவு செய்து அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள். இந்தக் கடிதத்தைக் குழுவுக்கு அனுப்புங்கள்.

இதை ஒரு நாள் பிடித்து வைப்பீர்கள் என்பதால் அவசர எண்ணுக்கும் கூப்பிடப் போகிறேன். எண்ணை மூன்று முறை போட்டுவிட்டு வைத்துவிட்டேன். நாகவல்லி பக்கத்தில் நிற்கிறாள். "போடுங்க மேடம். நான் வேற வேலை பார்த்துக்குவேன்" என்கிறாள்.

துர்காதேவி


லடாக் நிலையம்
31 மே 2025

அன்புள்ள அக்கா,

உன் போன் வந்ததும் சிவம் சார் எங்களை எல்லாம் கூப்பிட்டு, ஓட்டத்தில் ஆள் கிடையாது என்றார். காரணம் சொல்லவில்லை. மறுநாள் கடிதத்தைக் கொடுத்தார். படித்தேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அக்கா. மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்தே மாமாவோடு கூடை தூக்கியவன் நான். பொட்டலைப் பார்த்தபோது, 'என்ன இவ்வளவு சுத்தமாக இருக்கிறது' என்றுகூடத் தோன்றவில்லை. சுத்தமாக இருப்பதுதான் பொட்டல் என்று பழகிவிட்டது.

29ஆம் தேதி வண்டியை ஆளில்லாமல் ஓட்டினார்கள். என் எடைக்குச் சரியாக மணல் மூட்டைகளை என் இருக்கையில் வைத்துப் பட்டையை இறுக்கச் சொன்னார் சிவம் சார். இறுக்கியது நான்தான். அதே 'கிளிக்' சத்தம் கேட்டது.

நாங்கள் எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். நல்ல தரை இருந்தது, சரளையும் கல்லுமாக, யாராக இருந்தாலும் அதில்தான் போவார்கள். வண்டி அதை விட்டுவிட்டு மெதுவாகத் திரும்பியது. விளிம்பில் ஒரு வழவழப்பான திட்டு. நீ எழுதியிருந்தாயே, அப்படியே போனது. தயக்கமே இல்லை. முன் சக்கரம் ஏறியதும் திட்டு மொத்தமாகச் சரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தோம். நான் உட்கார வேண்டிய பக்கம் கீழே கிடந்தது. மூட்டை கிழிந்து மணலெல்லாம் பாறையில் கொட்டியிருந்தது. எதிரே விளக்கு உடையாமல் இருந்தது. அப்போதும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது, அக்கா.

மேலே வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பஞ்சாப்காரர் தண்ணீர் கொடுத்தார். அன்றிலிருந்து ஜீப்பில் ஏறவே பயமாக இருக்கிறது. வழவழப்பான தரையைப் பார்த்தால் சுற்றிப் போகிறேன். கண்ணை மூடினால் அந்த விளக்கு தெரிகிறது. உன்னிடம் எப்போதும் கேலியாகவே பேசிப் பழகிவிட்டேன், இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சிவம் சார் உன் கடிதத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். இந்த வருடம் நிதி இல்லை என்று சொல்லச் சொன்னார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "விழுந்த படங்களோடு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதலில் படிக்கப் போவது நான்தான்" என்றார்.

வண்டி இல்லாவிட்டாலும் இங்கே மற்ற சோதனைகள் ஜூலை நடுவரை இருக்கின்றன. முடித்துவிட்டுத்தான் விடுவார்கள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. நான் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடு.

சேவுகன்


ஊரிலிருந்து
29 ஜூன் 2025

அன்புள்ள சேவுகா,

உன் கடிதம் வந்தது, படித்தேன். அதைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

ஆய்வகத்தைப் பூட்டியாகிவிட்டது. நாகவல்லிக்கு வலையபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைவு. விடுமுறை நாளில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், வருவாள். நாம் முதன்முதலில் செய்த சின்ன மாதிரி வண்டியை மட்டும் கல்லூரியில் கேட்டு ஊருக்குக் கொண்டு வந்துவிட்டேன். விழுந்த படங்கள் எடுக்க வேண்டும் அல்லவா?

மாமாவிடம் விளக்கிச் சொன்னேன். இடிந்து போய்விட்டார். "நான் போட்ட மண்ணாத்தா அவனைக் கொன்னுருக்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை மாமா, நீங்கள் பாசத்தில் செய்தது என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. பொட்டலின் வடகோடியில் குழி தோண்டித் தாருங்கள், கல்லைக் கொண்டுவந்து போடுங்கள் என்று கேட்டபோது மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "மாடு ஓடுற எடத்துல என் கையால குழி வெட்டச் சொல்றியே" என்றார். வெட்டினார். வெட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்று நல்ல ஆழமான குழி, மேலே குச்சியும் பொடிமண்ணும் போட்டு உன் மலையில் இருந்தது மாதிரியே செய்து தந்தார்.

அம்மாவிடம் நேற்றுதான் எல்லாம் சொன்னேன். பெங்களூர் இல்லை என்றேன், பள்ளத்தைச் சொன்னேன், மணல் மூட்டையைச் சொன்னேன். விளக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அம்மா அழவில்லை. "இப்ப எங்க இருக்கான்?" என்று மட்டும் கேட்டாள். அங்கேதான் இருக்கிறான், இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடுவான், குழி வெட்டியிருக்கிறோம், நாளைக்கு வண்டியை அதில் விழவைத்துப் பார்க்கப் போகிறோம் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் அந்தப் பெரிய குழி இல்லை. மண் போட்டு மூடி, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கியிருந்தது. மாமாவைப் பார்த்தேன். "சத்தியமா நான் இல்லத்தா" என்றார். அவர் இல்லை என்று எனக்கும் தெரிந்தது. ஈர மண்ணில் பதிந்திருந்த தடம் சின்னது, இடது காலில் சுண்டுவிரல் பதியாமல் இருந்தது. அந்தக் கால் யாருடையது என்று உனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் இட்லிக்குத் துணி நனைத்துக்கொண்டிருந்தாள். கணுக்கால்வரை செம்மண். நான் நிலைப்படியில் நின்றேன். அவள் திரும்பவில்லை.

"அவன் வந்து இறங்கட்டும்" என்றாள். "அப்புறம் எம்புட்டு வேணாலும் தோண்டிக்க."

வண்டியை மூலையில் நிறுத்திவிட்டேன். பத்திரமாக வா.

துர்கா